மலைக்குப் போகிற பாதை

ஏழு படிகள். எண்ணி ஏழே ஏழு!

செங்குத்தான ஒரு பாறையின் ஓரத்தில், காலை வைக்கிற அளவுக்கு மட்டும் வெட்டிய படிகள். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் வெறும் காற்று! இந்தப் படிகளைக் கடந்துதான், சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு சில மனிதர்கள் தினமும் 'வீட்டுக்கு'ப் போனார்கள். வீடு என்றால் ஒரு குகை. படுக்கை, கல். தலையணை? அதுவும் கல்தான்!

அந்த இடத்துக்கு 'ஏழடிப்பட்டம்' என்று பெயர். யோசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பவை தமிழ்நாட்டின் மிகப் பழைய எழுத்துகளில் சில. ஆனால், ஊர் மக்கள் பெயர் வைத்தது எழுத்துக்கு இல்லை, அங்கே போகிற வழிக்கு! நமக்கு மறந்துபோன ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர் என்று ஒரு கிராமம். சும்மா ஒரு கிராமம் என்று நினைத்துவிடாதீர்கள். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் பூஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே மாதா கோயில் எழுப்பினார். நம்ம வீரமாமுனிவர்கூட இங்கே பணியாற்றியவர்தான். மதுரை மிஷனைச் சேர்ந்த இந்தப் பாதிரியார்கள் காவி உடுத்தி, சைவ உணவு சாப்பிட்டு, சந்நியாசிகள் மாதிரி ஊர் ஊராக நடந்தவர்கள்.

ஆவூரைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால்... இந்த வட்டாரமே நடந்து வந்த துறவிகளின் நாடு! பூஷே வருவதற்கு ஆயிரத்து எழுநூறு வருஷம் முன்னாடியே வேறு சில துறவிகள் இதே மண்ணில் நடந்திருக்கிறார்கள். அவர்கள் சமணர்கள். ஏழடிப்பட்டம் அவர்களுடையது. அது இருக்கும் இடம், அண்ணவாசலுக்குப் பக்கத்தில் உள்ள சித்தன்னவாசல்.

'சித்தன்னவாசலா? அது ஓவியத்துக்குப் பேர்போன ஊராச்சே!' என்பீர்கள். சரிதான். ஆனால், பலர் காரை நிறுத்திவிட்டு, ஓவியத்தைப் பார்த்துவிட்டு, 'அவ்வளவுதானா?' என்று திரும்பிவிடுகிறார்கள். மலை மேலே ஏறுகிறவர்கள் குறைவு.

இந்த மலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்தில் பிரபலமான குகை மலைகள் பலவும் சுண்ணாம்புக்கல் மலைகள். மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். லட்சக்கணக்கான வருஷம் கரைத்தால் உள்ளே பெரிய பெரிய குகைகள் தயார்! புதுக்கோட்டை மலைகள் அப்படி இல்லை. இது கருங்கல். தண்ணீரில் கரையாது. ஆனால், வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கும்போது வெங்காயத்தோல் மாதிரி பாளம் பாளமாக உரிந்து விழும். அப்படி உரிந்த இடத்தில் மேலே கூரை மாதிரி ஒரு பாறை நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் நம்ம ஊர்க் குகை. பாறைப் பள்ளங்களில் மழைநீர் தேங்கினால் அது சுனை.

ஒரு துறவிக்கு வேறென்ன வேண்டும்? கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. கீழே ஊர் இருக்கிறது, போனால் பிச்சை கிடைக்கும். ஊரின் சத்தம் மட்டும் மேலே வராது!

சித்தன்னவாசல் மலையின் மேற்குப் பக்கமாக ஏறி, முகட்டைத் தாண்டி, கிழக்குப் பக்கம் போனால்தான் ஏழடிப்பட்டம் வரும். இப்போது கம்பித் தடுப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் எதுவும் கிடையாது. உள்ளே வழவழப்பாகத் தேய்த்த 17 படுக்கைகள். அதில் ஒன்றைச் சுற்றித் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வாசகம்: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காக, இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை இது, என்கிற பொருளில். எருமிநாடு என்பது மைசூர்ப் பக்கம் என்பது ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்களின் கருத்து.

அட! மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தர் நடந்தே வந்து, இந்தக் குகையில் படுத்திருக்கிறார். பஸ் இல்லை, ரோடு இல்லை. அவருக்கு இங்கே ஒருத்தர் கல்லில் இருக்கை செய்து கொடுத்து, பெயரையும் வெட்டி வைக்கிறார்.

கதை அதோடு முடியவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்களும் பக்கத்துப் படுக்கைகளில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். திருநீலன், திருப்பூரணன், பூரணசந்திரன்... ஆக, அந்த ஏழு படிகளில் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் கால்கள் நடந்துகொண்டே இருந்திருக்கின்றன. ராஜ்ஜியங்கள் வந்தன, போயின. பாதை மட்டும் அப்படியே இருந்தது.

அதே மலையின் மேற்குச் சரிவில்தான் ஓவியம் இருக்கிற அறிவர் கோயில். 9-ம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இதைப் புதுப்பித்து முன்மண்டபமும் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. கருங்கல் மேல் மெல்லிசாகச் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல் வரைந்தது. தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிற மனிதர்கள், தூண்களில் ஆடுகிற பெண்கள். இந்த மலைக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். சில மில்லிமீட்டர் கனம்!

இவ்வளவு அழகான ஓவியம் வெளியுலகத்தின் கண்ணில் பட்டது எப்போது தெரியுமா? 1916-ல் ராதாகிருஷ்ண ஐயர் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதியபோது இதைக் குறிப்பிட்டார். 1920-ல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் எழுதிய பிறகுதான் அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் கூட்டம் வந்தது. கூட்டத்தோடு கிறுக்கல்களும் வந்தன. ஆயிரம் வருஷம் தாங்கிய சாந்து, சில பத்தாண்டுகளில் நம்ம ஆட்களின் ஆணிக்கும் கரிக்கட்டிக்கும் தாங்கவில்லை. பாக்கி இருப்பதைத்தான் இன்று கம்பிக் கதவுக்குள் பாதுகாக்கிறார்கள்.

சரி, இங்கிருந்து நார்த்தாமலைக்குப் போவோம். திருச்சி - புதுக்கோட்டை சாலைக்குப் பக்கம்தான். ஒரு மலை இல்லை, ஒன்பது மலைகள். மேலமலை, கடம்பர் மலை, கோட்டை மலை, ஆளுருட்டி மலை, பொம்மமலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது சிதறி விழுந்த துண்டுகள் இவை என்பது ஊர்க்கதை. கல்வெட்டுகளில் ஊரின் பெயர் தெலுங்குகுலகாலபுரம். வணிகர்களின் ஊர். 'நகரத்தார் மலை'தான் நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள்.

மேலமலையில் ஏறுங்கள். படிக்கட்டு என்று பெரிதாக எதுவும் கிடையாது. வெறும் பாறைச் சரிவு. வழியில் ஒரு சுனை. அதற்குள், தண்ணீருக்கு அடியில், ஒரு சின்னக் குடைவும் ஒரு லிங்கமும் இருக்கின்றன. 1857-ல் ராமச்சந்திர தொண்டைமானின் ராணி, தண்ணீரை முழுக்க இறைக்கச் சொல்லி லிங்கத்தைக் கும்பிட்டதாகப் பக்கத்துப் பாறையில் எழுதியிருக்கிறது. வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த வருஷம். இங்கே ஒரு ராணி சுனை இறைத்துக்கொண்டிருக்கிறார்! சரித்திரம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரியா நடக்கும்?

இன்னும் மேலே போனால் சட்டென்று ஒரு சமதளம். அங்கே விஜயாலய சோழீச்சுரம். பெயரில் சோழர் இருந்தாலும், கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் இந்தக் கற்கோயிலைக் கட்டினார். மழையில் இடிந்து போனது. மல்லன் விடுமன் என்பவர் அதைப் பழுது பார்த்தார். இவர்கள் முத்தரையர் தலைவர்கள். கட்டியவர் பெயரோடு, 'மழையில் இடிந்தது, இன்னார் சரிசெய்தார்' என்பதையும் எழுதி வைத்த நேர்மையைக் கவனியுங்கள்! கோயில் மேற்கு பார்த்தது. வெளியே சதுரமாகத் தெரியும் சுவருக்குள் கருவறை வட்டமாக இருப்பது இன்னொரு ஆச்சரியம்.

எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். சின்னது பழியிலி ஈச்சரம். சாத்தன் பழியிலி என்பவர் குடைந்தது. முன்மண்டபமும் நந்தியும் செய்து வைத்தது அவருடைய மகள் பழியிலி சிறியநங்கை. 9-ம் நூற்றாண்டில் ஒரு பெண் தன் பெயரில் கட்டடப் பணி செய்திருக்கிறாள்! பெரிய குடைவரையில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு பெருமாள்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆனால், ஊரார் சொல்லும் பெயர் 'சமணர் குடகு'. முதலில் சமணர்களிடம் இருந்து, பிறகு பெருமாள் கோயில் ஆனது. 13-ம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டில் இதன் பெயர் பதினெண்பூமி விண்ணகரம். தெய்வம் மாறினாலும் பழைய குடித்தனக்காரரின் பெயரை ஊர் விடவில்லை.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? சமணர், சைவர், வைணவர், முத்தரையர், சோழர், பாண்டியர், தொண்டைமான்... எல்லோரும் ஒரே பாறைச் சரிவில், ஒரே வழியாக ஏறியிருக்கிறார்கள். மலை ஒரு நோட்டுப் புத்தகம் என்றால், கல்வெட்டுகள் அதில் எழுதிய வரிகள்.

இப்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நம்முடைய சட்டம் வரிகளைக் காப்பாற்றுகிறது. நோட்டுப் புத்தகத்தை?

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற நினைவுச்சின்னங்களுக்கு 1958-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. அதில் 2010-ல் செய்த திருத்தத்தின்படி, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்புறம் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. மொத்தம் 300 மீட்டர். ஊருக்கு நடுவில் இருக்கிற கோயிலுக்கு இது நல்ல வேலிதான். ஆனால், ஒன்பது மலைகள் சேர்ந்து ஒரு சரித்திரமாக இருக்கிற இடத்தில்? 300 மீட்டர் என்பது நாலு நிமிஷ நடை. அதைத் தாண்டிவிட்டால் மலை வெறும் 'கனிமம்'. சர்வே எண், குத்தகை, வெடி, கிரஷர், ஜல்லி!

நார்த்தாமலை வட்டாரத்தில் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பாதி தின்ற லட்டு மாதிரி நிற்கிற பாறைகள், கல் குவாரிகள், வெள்ளைத் தூசி படிந்த மரங்கள்.

'அப்போ கல்லே உடைக்கக் கூடாதா? நம்ம வீடு எதில் கட்டியது?' என்று நீங்கள் கேட்பது நியாயம். கல் உடைக்கிறவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கிறவர்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நம்ம முன்னோர்களும் கல் எடுத்தவர்கள்தான். தஞ்சாவூரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் மலையே கிடையாது. 1010-ல் முடிந்த பெரிய கோயிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் கல் போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆனால், அவர்கள் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு அடித்து, பாளம் பாளமாகப் பிளந்து எடுத்தார்கள். ஒரு உளிக்கு ஒரு கை. மலை மிச்சமிருந்தது. வெடியும் இயந்திரமும் வந்த பிறகு, ஒரு தலைமுறைக்குள் ஒரு மலையையே இல்லாமல் ஆக்க முடிகிறது. வித்தியாசம் அங்கேதான்.

ஒரு மலை போவதற்கு முன்னால் வேறொன்று போகும். அதுதான் பாதை.

ஆடு மேய்க்கிறவர் போவதை நிறுத்துவார். விறகுக்குப் போகிறவர்களுக்கு கேஸ் அடுப்பு வந்துவிடும். சுனைத் தண்ணீருக்கு வேலை இல்லை, குழாய் வந்துவிட்டது. தடத்தில் முள் மண்டும். 'அந்தப் பாறையை இடது கைப்பக்கம் விட்டுட்டு நேரா போங்க' என்று சொல்கிற பெரியவரும் ஒருநாள் போய்விடுவார். அதற்கப்புறம் மலை மேல் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத மலையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே!

இதற்கு மாற்று என்ன? கொஞ்சம் தூரத்தில், போலந்து நாட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். கிராக்கோவ் நகரத்துக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து நீள்கிறது ஒரு சுண்ணாம்புக்கல் மலைத்தொடர். வெள்ளைப் பாறைகளின் உச்சியில் 14-ம் நூற்றாண்டில் மூன்றாம் காசிமிர் மன்னர் கோட்டைகள் கட்டினார். இன்று பலவும் இடிபாடுகள். அவற்றை இணைத்து 'கழுகுக் கூடுகளின் பாதை' என்று 160 கிலோமீட்டருக்கும் மேல் ஒரு நடைபாதை வைத்திருக்கிறார்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. மரத்திலும் கல்லிலும் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பட்டைக் கோடு. அதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். நடப்பவர்கள் இருப்பதால் வழியில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடைக்காரருக்கு மலை நன்றாக இருந்தால்தான் வியாபாரம். பெயின்ட் டப்பா ஒன்று இவ்வளவு வேலை செய்கிறது!

'அதெல்லாம் ஐரோப்பா, நம்ம ஊரில் நடக்குமா?' என்று இழுக்காதீர்கள். மதுரையில் நடந்தது.

யானைமலையை ஞாபகம் இருக்கிறதா? நரசிங்கம் குடைவரையும், சமணச் சிற்பங்களும், தமிழ் பிராமி எழுத்தும் இருக்கிற மலை. 2010-ஐ ஒட்டி அங்கே 'சிற்பக்கலை நகரம்' உண்டாக்க ஒரு திட்டம் வந்தது. மலையையே செதுக்குகிற யோசனை! ஊர் மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதற்கப்புறம் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் முன்னின்று ஆரம்பித்ததுதான் 'பசுமை நடை'. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு ஒரு மலைக்கு நடந்து போவது, கல்வெட்டு தெரிந்தவர் சொல்வதைக் கேட்பது, ஒன்றாகச் சாப்பிட்டுத் திரும்புவது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கான மதுரைக்காரர்களுக்கு 'நம்ம மலை' என்கிற எண்ணம் கால் வழியாக ஏறியது.

அந்தப் பக்கத்து அரிட்டாபட்டி மலைகளைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சுமார் 193 ஹெக்டேர். சின்னத்தைச் சுற்றி 300 மீட்டர் இல்லை. மலை, சுனை, குளம், பறவை, கல்வெட்டு எல்லாம் சேர்த்து! இரண்டே வருஷத்தில் பரீட்சை வந்தது. 2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலத்தை முடித்தது. அந்தப் பரப்பில் அரிட்டாபட்டியும் இருந்தது. கிராமங்கள் கொதித்தன. சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ம் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் மதுரை நோக்கி நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23-ம் தேதி ஏலம் ரத்து!

நடந்தார்கள், மலை தப்பித்தது.

புதுக்கோட்டை மலைகளுக்கும் இது வேண்டாமா? ஆவூரில் ஆரம்பித்து, நார்த்தாமலை, சித்தன்னவாசல், இசைக் கல்வெட்டு உள்ள குடுமியான்மலை என்று ஒரு சுற்று. பாதிரியார் நடந்த ஊரில் தொடங்கி, சமணர் படுத்த பாறையில் முடிகிற பாதை. புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். சிமென்ட் யானையும் செயற்கை நீரூற்றும் வேண்டவே வேண்டாம். பழைய தடங்களை முள் வெட்டி, ஒரு கோடு போட்டு, வழிகாட்ட உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும்.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு விடுமுறைக் காலையில் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் கருங்கல் தோசைக்கல்! மழை பெய்திருந்தால் சரிவில் ஏறாதீர்கள், வழுக்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஆணி, சாக்பீஸ், காதலி பெயர் எதையும் பாறைக்கு எடுத்துப் போகாதீர்கள். முக்கியமாக, கீழே டீக்கடையில் இருக்கும் பெரியவரிடம் வழி கேளுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேளுங்கள்.

மைசூர்ப் பக்கமிருந்து வந்த காவுடியும் இங்கே யாரிடமோ வழி கேட்டுத்தான் மலை ஏறியிருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கிறவரைக்கும் மலைக்கு ஆயுள் உண்டு.